அவர் என்ற சொல்லுக்குப் பிறகு

தொடர்ந்து பெய்த மழை விட்டு இன்று காலையில்தான் வெயில் முகம் காட்டியது. அலுமாரிக்குள் புத்தகங்களெல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன. முற்றத்தில் பாயை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினேன். அடியில், மட்டை கழன்று, ஓரமெல்லாம் கறையான் தின்று, நாம் இருவரும் சேர்ந்து படித்த அந்த ஆங்கில இலக்கணப் புத்தகம் கிடந்தது. நடுவில் விரித்தேன். கருவாட்டு மணம் எழுந்து வந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது போகவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பாயருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போன பிறகு வருகிற முதல் மாரி இது. உன்னோடு பேச வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிடுவேன். இன்று அந்த மணமே தொடக்கி வைத்துவிட்டது.

உன் அப்பாவின் வாடிக்குள் இருந்துதான் நாம் படித்தோம். கடற்கரை மணலில் கிடுகு வேய்ந்த சின்னக் குடில். உள்ளே வலை, கயிறு, கருவாட்டுச் சாக்கு. மத்தியானத்தில் அங்கே ஒருவரும் வரமாட்டார்கள் என்பதால் நீ என்னை அங்கே கூட்டிப்போவாய். சாக்கின்மேல் புத்தகத்தை வைத்துவிட்டு எதிரெதிரே சப்பணம் கொட்டி இருப்போம். வீட்டுக்கு வந்தால் அம்மா என் சட்டையை மணந்து பார்த்து, "படிக்கப் போனியா, மீன் விக்கப் போனியா?" என்பார்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்ட லயம் எரிந்த பிறகு, கிடைத்த லொறியில் ஏறி வந்து தண்ணீரூற்றில் இறங்கிய குடும்பம் நாங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் வயலிலும் கச்சான் எனும் நிலக்கடலைத் தோட்டத்திலும் கூலி வேலை. என்னை முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் நாள் வாத்தியார் ஏதோ கேட்க, நான் "ஆமாங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் என்னிடம் வந்து நின்றாய்.

"உங்கடை வீட்டிலை 'வாறன்' எண்டுறதுக்கு என்ன சொல்லுறனீங்கள்?"

"வர்றேன்."

"வர்றேன்," என்று நீயும் சொல்லிப் பார்த்தாய். "நல்லாயிருக்கு. பஸ் வாற மாதிரிச் சத்தம்."

அப்போதுதான் நான் சிரித்தேன். உனக்குப் பக்கத்திலும் அந்த வகுப்பில் யாரும் இருப்பதில்லை என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். மீன் மணக்கிறது என்பார்களாம். அன்றிலிருந்து அந்த வாங்குப் பலகையில் நாம் இருவர்.

ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லாத பள்ளிக்கூடம் அது. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. கன்னியர் மடத்தில் கெஞ்சிக் கேட்டு அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தவள் நீதான். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் மூன்றையும் ஒருவாறு கடந்துவிட்டோம். அதற்குப் பிறகு வந்த 'ஹாஸ் கோன்' என்பதில் மாட்டுப்பட்டோம். போனது முடிந்த காரியம்தானே, அதை ஏன் நிகழ்காலத்தோடு சேர்த்திருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். நீ முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கிழமைக்கணக்காக அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

ஒரு மத்தியானம் வெளியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்.

"பிள்ளை, கொப்பர் எங்கை?"

"அப்பா கடலுக்குப் போட்டார்," என்றாய் நீ உள்ளிருந்தபடியே. எங்கள் வீட்டுப் 'போயிட்டாரு'தான் உங்கள் 'போட்டார்'. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாய். பிடித்த பிடியில் எனக்கு நொந்தது.

"எடியே, இதுதானடி அது! 'கடலுக்குப் போட்டார்' எண்டால் என்ன? இன்னும் வரேல்லை. 'நேற்றுக் கடலுக்குப் போனவர்' எண்டால்? போய் வந்திட்டார், உள்ளுக்கை படுத்திருக்கிறார். 'ஹாஸ் கோன்' எண்டால் போட்டார். 'வென்ட்' எண்டால் போனவர். இவ்வளவுதான்! இதுக்கே இவ்வளவு நாளும் மண்டையை உடைச்சனாங்கள்?"

எழுந்து நின்று மணலைத் தட்டிவிட்டு ஆடினாய். நானும் ஆடினேன். அதன் பிறகு எல்லாக் காலங்களையும் நாம் கடலில் வைத்துத்தான் படித்தோம். வள்ளம் போகிறது, போய்க்கொண்டிருக்கிறது, போயிருக்கிறது, நாங்கள் கரைக்கு வந்தபோது போய்விட்டிருந்தது. புத்தகத்தில் யாரோ லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். உன் வாயில் எல்லாரும் கடலுக்குப் போனார்கள், எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

மரியநாயகம் நம் கதைக்குள் வந்தது அந்த வாடியில்தான். உன் அப்பாவோடு தொழிலுக்குப் போகிறவர். உயரம், வாடிக்குள் குனிந்துதான் வருவார். நாம் முணுமுணுப்பதைக் கேட்டு, "என்ன, வெள்ளைக்கார மந்திரம் ஓதுறியளோ?" என்பார். ஒருநாள் நீ அவருக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தாய். அன்றிலிருந்து வள்ளம் கரைக்கு ஏறியதும் அவர் அங்கிருந்தே "ஐ ஹாவ் கம்!" என்று கத்துவார். கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நீ மட்டும் சிரிக்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாய். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சோதனையில் இருவருமே ஆங்கிலத்தில் சித்தியடைந்தோம். நான் தொடர்ந்து படித்து ஆசிரியையானேன். நீ பதினெட்டு முடிந்த கையோடு அவரைக் கட்டினாய். படிப்பை விட்டுவிட்டாயே என்று நான் கவலைப்பட்டபோது, "எனக்கென்னடி, எல்லாக் காலமும் எனக்குத் தெரியும்," என்று சிரித்தாய். உண்மையாகவே சந்தோசமாக இருந்தாய். மகள் பிறந்தாள். அவருடைய உயரமும் உன்னுடைய வாயும் அவளுக்கு.

பிறகு சண்டையால் கடல் நமக்குரியதாக இல்லாமற் போன காலம் வந்தது. போகலாம் என்பார்கள், போகக்கூடாது என்பார்கள். போகாவிட்டால் அடுப்பெரியாது. ஒரு விடியற்காலை மரியநாயகம் போனார். அன்று போன வள்ளங்கள் இரண்டு. மற்ற வள்ளம் மத்தியானம் திரும்பி வந்தது. தூரத்தில் ஒரு பெரிய கப்பல் நின்றதாம். இவர்கள் பயத்தில் வள்ளத்தைத் திருப்பினார்களாம். அவருடைய வள்ளம் எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கவில்லையாம். வெடிச்சத்தம் கேட்டதா என்று கேட்டால் ஒருவர் கேட்டது என்றார், மற்றவர் கேட்கவில்லை என்றார். வள்ளமும் வரவில்லை. பலகைத்துண்டு ஒன்றுகூடக் கரையில் ஒதுங்கவில்லை. கடற்படை பிடித்துத் திருகோணமலைக்குக் கொண்டுபோனதாக ஒரு கதை. காற்று இழுத்து இந்தியாப் பக்கம் கொண்டுபோயிருக்கும் என்று இன்னொரு கதை.

கொஞ்சக் காலத்தில் கரைச்சனமே எழும்பி உள்ளுக்கு வந்தது. நீ மகளையும் அவருடைய தாயான உன் மாமியையும் கூட்டிக்கொண்டு தண்ணீரூற்றுக்கு வந்து எங்கள் வளவுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டாய். அந்த நாட்களில் அவரைத் தேடித்தரச் சொல்லி நான் உனக்காக எழுதிய ஆங்கில மனுக்கள் எத்தனை என்று நினைவில்லை. ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன் நீ வாங்கி வாசிப்பாய். 'என் கணவர் மீனவராக இருக்கிறார்' என்றுதான் இருக்க வேண்டும். ஓரிடத்தில்கூட 'வாஸ்' வரக்கூடாது. "நாங்களே எழுதிக் குடுத்தால் அவங்களுக்கு லேசாய்ப் போயிடுமடி," என்பாய். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அந்த வெளிநாட்டுப் பெண் வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை.

காணாமற்போனவர்களின் விவரம் எடுக்க வந்தவர். மாதா கோயில் வளவில், வேப்பமரத்தின் கீழ் மேசையும் கதிரையும் போட்டிருந்தார்கள். மொழிபெயர்க்கச் சுவாமியார் என்னைக் கூப்பிட்டிருந்தார். நல்ல பெண் அவர். ஒவ்வொருவரும் அழுது முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். உன் முறை வந்தது. ஆங்கிலத்தில் பேசுவதாகத்தான் இருந்தாய்; கதிரையில் இருந்ததும் குரல் வரவில்லை. தமிழில் சொன்னாய். நான் சொல்லிக்கொண்டு போனேன். பெயர், வயது, வள்ளத்தின் நிறம், அன்று போட்டிருந்த சட்டை, வலக்கையில் தூண்டில் கிழித்த தழும்பு.

இடையில் ஒரு காற்று அடித்தது. மேசையில் இருந்த கடதாசிகள் பறந்தன. நீயும் நானும் அவருமாக ஓடி ஓடிப் பொறுக்கினோம். அவர் திரும்ப இருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, உன்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐ ஆம் சாரி. வாட் வாஸ் ஹிஸ் நேம்?"

நான் உன் பக்கம் திரும்பி, "அவற்றை பேர் என்னவெண்டு கேக்கிறா," என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, அதுவரை வராத ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய். "ஹிஸ் நேம் இஸ் மரியநாயகம்." அந்த 'இஸ்' என்ற சொல்லில் உன் குரல் நின்று அழுத்தியது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். முயற்சி செய்வதாகச் சொன்னார். உன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து விடைகொடுத்தார். அதுவும் உன் கண்ணில் வேறுவிதமாகப் பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிற வழியில், தரவைப் புல்வெளி வந்ததும் நீ நின்றாய்.

"அவ 'வாஸ்' எண்டெல்லோ கேட்டவ."

"சும்மா வாயிலை வந்திருக்குமடி."

"அவவின்ரை சொந்த மொழியடி அது. நீயும் நானும் எண்டால் பிழை விடுவம். அவ விடுவாவோ?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் நீயும் நானும் கருவாட்டுச் சாக்கில் வைத்துப் படித்த அதே புத்தகத்து ஆங்கிலம். அந்தப் புத்தகத்தின்படி 'வாஸ்' என்றால் முடிந்தது.

"எத்தினை இடத்துக்குப் போட்டு வந்திருப்பா. எங்கையோ கேள்விப்பட்டிருப்பா," என்றாய். "சொல்ல மனம் வராமல் மறைச்சவ. வாய் மறைக்கேல்லை."

நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும்.

அந்த வருடம் சகல ஆத்துமாக்களின் நாளுக்கு, மரித்தவர்களுக்காக வாசிக்கும் பெயர்களோடு அவருடைய பெயரையும் சுவாமியாரிடம் கொடுத்தாய். உன் மாமி கொட்டிலின் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"என்ரை பிள்ளையைக் கடல் சாக்காட்டேல்லை. நீ சாக்காட்டிப்போட்டாய்! அந்த வெள்ளைக்காரி ஒரு சொல்லுச் சொன்னாவாம், இவ தாலியைக் கழட்டுறாவாம்!"

நீ சீப்பால் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாய். மாமி பூசைக்கு வரவில்லை. நானும் நீயும் உன் மகள் சின்னவளும் போனோம். சுவாமியார் பெயரை வாசித்தபோது என் பக்கத்தில் நீ நீளமாக ஒரு மூச்சு விட்டதைக் கேட்டேன். அது வேதனையா ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதன் பிறகு நீ நித்திரை கொண்டாய். சாப்பிட்டாய். அடுத்தவர் தோட்டத்தில் கச்சான் பிடுங்கப் போனாய். ஒரு துக்கத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

மறுவருடம் ஆங்கில ஆசிரியர்களுக்கென்று வவுனியாவில் ஒரு பயிற்சி நடந்தது. விரிவுரை செய்தவர் வெளிநாட்டில் நீண்ட காலம் இருந்துவிட்டு வந்த ஓர் அம்மா. ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேசவைப்பார். முதல் நாளே எல்லார் பெயரையும் கேட்டு வைத்திருந்தார். அடுத்த நாள் என் பக்கம் கையை நீட்டி, சிரித்துக்கொண்டு, "சாரி, வாட் வாஸ் யுவர் நேம்?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். உயிரோடு, அவருக்கு முன்னால், என் இரண்டு காலிலும் நின்றேன். என் பெயர் எனக்கு வாயில் வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். ஏன் 'வாஸ்' என்று கேட்டீர்கள் என்று.

"அது மரியாதைக்குக் கேக்கிறது பிள்ளை," என்றார். "ஒருக்கால் சொன்ன பேரை மறந்துபோய்த் திரும்பக் கேக்கேக்கை அப்பிடித்தான் கேப்பினம். நீங்கள் முதல் சொன்ன பேர் என்ன எண்டமாதிரி. ஆள் இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, என்ன நடந்தது?" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது உனக்குச் சொல்வதா விடுவதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டு வந்தேன். சொன்னால், ஆறிய புண்ணைக் கிளறுவது. சொல்லாவிட்டால், காற்றில் பறந்த கடதாசியால் வந்த ஒரு சொல்லை நம்பி நீ உன் புருசனை மண்ணுக்குள் வைத்திருப்பாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை. வந்து இறங்கியதும் கால் தானாகவே உன்னிடம் கொண்டுபோனது.

நீ தோட்டத்து வரம்பில் இருந்து கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தாய். நான் உன் பக்கத்தில் இருந்து, நானும் ஒரு செடியைக் கையில் எடுத்து, காய்களைப் பிடுங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ கையை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் நிறுத்தவில்லை.

"அப்ப அவவுக்கு ஒண்டும் தெரியாதோ?"

"தெரியாது."

"சும்மா பேரை மறந்துபோய்க் கேட்டவ."

"ஓம்."

கை நின்றது. தூரத்தில் எங்கோ பார்த்தாய்.

"அப்ப அவர்..." என்றாய்.

அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. நான் காத்திருந்தேன். இருக்கிறாரா, இருந்தாரா, வருவாரா, போட்டாரா, போனவரா. அத்தனை காலங்களையும் எனக்குப் படிப்பித்த நீ ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் வாயைத் திறந்தபடி இருந்தாய். நானும் எடுத்துத் தரவில்லை. என்னிடமும் இருக்கவில்லை.

கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டு, "நீ ஏன் வந்து சொன்னனீ?" என்று கேட்டாய். உடனேயே என் முழங்கையைத் தொட்டு, "இல்லையடி. சொல்லத்தானே வேணும்," என்றாய்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சுவாமியாரிடம் போய், அந்தப் பெயரை எடுத்துவிடும்படி கேட்டாய். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனிமேல் வாசிக்கமாட்டன் பிள்ளை. ஆனால் வாசிச்சதைத் திருப்பி எடுக்க ஏலாதே."

"அப்ப அந்தப் பூசை?"

"அது வீண்போகாது. எங்கை இருந்தாலும் அவரிட்டைப் போகும்."

எங்கை இருந்தாலும். வெளியே வந்து நீ அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். நல்ல மனிதர் சுவாமியார்.

அதன் பிறகுதான் உன் பேச்சில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். நீயாக நினைத்துச் செய்தாயோ, தானாக வந்ததோ தெரியாது. மரியநாயகத்தைப் பற்றிச் சொல்லும்போது நீ வினைச்சொல்லே போடுவதில்லை. "அவருக்குப் பாரைமீன் தலையெண்டால் உயிர்." "அது அவற்றை சைக்கிள்." மகளிடம், "உன்ரை அப்பா நல்ல உயரம்." யாராவது வந்து புருசனுக்கு என்ன தொழில் என்று கேட்டால், "கடல்தொழில்." இருக்கிறார் என்றும் இல்லை, இருந்தார் என்றும் இல்லை. தமிழில் அப்படிப் பேசலாம். ஒரு சொல்லும் குறையாது. கேட்கிறவருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. நானும் உன்னைப் பார்த்து அப்படிப் பேசப் பழகினேன். மாமியும்கூட. சின்னவள் தன் அப்பாவைப் பற்றிய பேச்சென்றால் இப்படித்தான் என்று நினைத்தே வளர்ந்தாள். ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை. அங்கே ஒரு மனிதனைப் பற்றி வாயைத் திறந்தால் இஸ் அல்லது வாஸ், இரண்டில் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும். அதனால்தானோ என்னவோ நீ பிறகு ஆங்கிலப் பக்கமே வரவில்லை. மனுவும் வேண்டாம் என்றுவிட்டாய்.

இந்த வருடத் தொடக்கத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா இங்கே யாருக்குத்தான் வரவில்லை என்று நாம் பெரிதாக எடுக்கவில்லை. விட்டு விட்டு வந்தது. கடைசித் தடவை கண் மஞ்சளாகி, ஆளைத் தெரியாமல் போனாய். இங்கே மருந்தில்லை, வவுனியாவுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி உன்னைக் கிடத்தி, உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சோதனைச் சாவடியில் பாதை பூட்டியிருந்தது. மறித்தவர்களிடம் எனக்குத் தெரிந்த மொழிகளிலெல்லாம் கெஞ்சினேன். கேட்டுக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. திரும்பிப் போங்கள் என்றார்கள். வண்டியைத் திருப்பினோம்.

அப்போது நீ கண்ணைத் திறந்தாய். என்னை அடையாளம் கண்டாய்.

"இன்னும் எவ்வளவு தூரமடி?"

"வந்திட்டம்," என்றேன்.

வந்த வழியே நாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு குழியிலும் உன் தலை என் மடியில் துள்ளியது. ஆஸ்பத்திரியிலிருந்து தூரமாகிக்கொண்டே, வந்திட்டம் வந்திட்டம் என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குள் வரும்போது நீ கேட்பதை நிறுத்தியிருந்தாய்.

அடக்கத்துக்கு முன்பு, கோயிலில் வாசிப்பதற்காகச் சுவாமியார் விவரம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். இன்னாருடைய மகள், இன்னாருடைய தாய். மனைவி என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, என்னையும் மாமியையும் பார்த்தார்.

"காலஞ்சென்ற மரியநாயகத்தின் எண்டு வாசிக்கிறதோ, எப்பிடி?"

சுவரோடு சாய்ந்திருந்த உன் மாமி தலையை நிமிர்த்தினார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அந்தச் சொல்லு வேண்டாம் சுவாமி. அவளுக்கு அது விருப்பமில்லை."

உன்னோடு அவ்வளவு சண்டை பிடித்தவர். 'மரியநாயகத்தின் மனைவி' என்று மட்டும் வாசித்தார்கள். உன் சிலுவையிலும் அப்படியே இருக்கிறது.

சின்னவள் இப்போது மாமியோடும் எங்களோடுமாக இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு, ஆங்கிலம் தொடங்குகிற வகுப்பு. என்னிடம்தான் படிக்கிறாள். வீட்டில் அன்ரி, பள்ளிக்கூடத்தில் ரீச்சர். ஒருநாளும் மாறிக் கூப்பிட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை பாடம் 'என் அப்பா'. புத்தகத்தில் படமும் போட்டு, கீழே வசனமும் இருக்கிறது: 'மை ஃபாதர் இஸ் அ ஃபார்மர்.' ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் அப்பாவின் தொழிலைச் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் மட்டும் இல்லை, அந்த வகுப்பில் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பாடத்தைத் தாண்டினால் ஏன் தாண்டினேன் என்று அவர்களுக்கு விளங்கிவிடும். நடத்தினேன். கமக்காரர், மேசன், டிரைவர் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய முறை வந்தது. எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, உன்னுடைய அதே தெளிவான வாயால் சொன்னாள்.

"மை ஃபாதர் ஃபிஷர்மேன்."

"ரீச்சர், 'இஸ்' விட்டிட்டாள்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"சரி, இரு. அடுத்த ஆள்," என்றேன். அடுத்த பிள்ளை சொன்னது என்ன என்று என் காதில் விழவில்லை.

மணியடித்து எல்லாரும் போன பிறகு அவள் மேசையருகே வந்து நின்றாள்.

"ரீச்சர், நான் சொன்னது பிழையோ?"

"தமிழிலை சரி பிள்ளை."

"இங்கிலீசிலை?"

"பிறகு சொல்லித்தாறன்," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். அதிலிருந்து இன்றுவரை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இந்தச் சின்ன வசனத்தைத் திருத்தியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் எந்தப் பக்கம் திருத்துவது என்று தெரியவில்லை. என் கையில் நீ விட்டுப்போனது இதுதான்: அவர் என்று தொடங்கி முடியாமல் நின்ற உன் பாதி வசனம். அதை நான் வகுப்பறைக்கும் வீட்டுக்குமாகக் காவிக்கொண்டு திரிகிறேன். நானும் திருத்தாமல் விட்டால், ஒருநாள் வேறு யாரோ ஒரு ஆசிரியர், ஒன்றும் அறியாமல், சிவப்பு மையால் ஒரு சொல்லை எழுதி விடுவார்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அடுத்த பாடம் 'என் அம்மா'. சின்னவள் எழுந்து நிற்பாள். அதில் எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.